ஐரிஸ் கலப்பினக் காய்களைப் பூச்சியிடமிருந்து காப்பாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

மாம்பழத்தை நறுக்கும்போது கொட்டைக்குள்ளிருந்து கறுப்பாக ஒரு வண்டு வெளியே வருமே, பார்த்திருப்பீர்கள். தோலில் ஓட்டை இருக்காது, சதையில் கீறல் இருக்காது. பிஞ்சாக இருந்தபோதே தாய் வண்டு முட்டை வைத்துவிட்டுப் போயிருக்கும்; அந்தக் காயம் ஆறி மூடியிருக்கும். ஐரிஸ் என்னும் பூச்செடியின் காயிலும் கிட்டத்தட்ட இதேதான் நடக்கிறது. வெளியே பச்சைப் பசேலென்று இருக்கும் காய், உள்ளே வெறும் தூளாக இருக்கும்.

அமெரிக்காவின் வடகிழக்கில் எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் நான் முதன்முதலாக ஐரிஸ் கலப்பு (ஒரு செடியின் மகரந்தத்தை இன்னொரு செடியின் பூவில் வைத்துப் புதுச் செடி உண்டாக்குவது) செய்த வருடம், ஒன்பது பூக்களுக்குக் கையால் மகரந்தம் வைத்தேன். ஏழு காய் பிடித்தது. கோடை முழுவதும் தினமும் போய்ப் பார்த்து வந்தேன். ஆகஸ்ட் கடைசியில் திறந்தபோது ஐந்து காய்களில் விதையின் தோல் மட்டும்தான் மிச்சம். ஐரிஸ் வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். விதை முளைத்துப் பூ பார்க்க இரண்டு மூன்று வருடம் ஆகும். அதனால் ஒரு காய் போனால் ஒரு வருடமே போனதாகத்தான் கணக்கு.

அன்று முதல் காய் பாதுகாப்பை மகரந்தம் வைப்பதோடு சேர்ந்த ஒரே வேலையாகத்தான் பார்க்கிறேன். கீழே சொல்வதெல்லாம் சைபீரிய ஐரிஸ் என்னும் வகையை மனதில் வைத்து எழுதியது. தாடி ஐரிஸ், லூயிசியானா ஐரிஸ், வட அமெரிக்காவின் நாட்டு நீல ஐரிஸ் ஆகியவற்றுக்கும் பொருந்தும். வேறுபடும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் எதிரிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

காயைக் குறிவைப்பவை இரண்டு. இரண்டும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு வழியில் வருகின்றன. பூச்சி அண்டாமல் காய்க்குத் துணிப் பை கட்டுவதுதான் முக்கியப் பாதுகாப்பு; இந்த வேறுபாடு புரியாமல் கட்டினால் பாதி உழைப்பு வீண்.

ஒன்று, ஐரிஸ் கூன்வண்டு. அறிவியல் பெயர் மோனோனிக்கஸ் வல்பெக்யூலஸ். சுமார் 5 மில்லிமீட்டர் நீளம், உருண்டையான கறுப்பு உடம்பு, கீழ்நோக்கி வளைந்த மூக்கு. கிழக்கு வட அமெரிக்காவின் ஈர நிலங்களில் வளரும் நாட்டு நீல ஐரிஸ்தான் இதன் சொந்த உணவு. கியூபெக் மாகாணம் 1999-இல் தன் அடையாள மலராக அறிவித்ததும் அதே பூதான். தோட்டத்துச் சைபீரிய ஐரிஸையும் இது விட்டுவைப்பதில்லை. பூ விரியும் நாட்களில் மிகச் சரியாக வந்து சேரும். பூவின் அடிப்பகுதியில் வெளியிலிருந்தே மூக்கால் துளைத்துத் தேன் குடிக்கும். அப்புறம் சூலகத்தின் சுவரைத் துளைத்து உள்ளே முட்டையிடும். பொரிந்து வரும் காலற்ற வெள்ளைப் புழு விதையைத் தின்று, காய்க்குள்ளேயே கூட்டுப்புழுவாகி, காய் காய்ந்து வெடிக்கும்போது வண்டாக வெளியே வரும். குளிர்காலத்தைச் சருகுக்கு அடியில் கழித்துவிட்டு அடுத்த வருடம் திரும்ப வரும்.

இரண்டாவது, வெர்பினா மொட்டுத்துளைப்பான் என்னும் சிறிய பழுப்பு நிற அந்துப்பூச்சி. எண்டோதீனியா ஹெபெசானா என்பது அறிவியல் பெயர். பெயரில் வெர்பினா என்னும் வேறொரு பூச்செடி இருந்தாலும் ஐரிஸ் காயும் அதற்குப் பிடித்தமானது. வண்டு போல ஒரே ஒரு பருவத்தோடு நிற்காமல் கோடையில் ஒன்றுக்கு மேற்பட்ட தலைமுறை வரும். அதனால் ஜூலையிலும் ஆகஸ்டிலும்கூட ஆபத்து உண்டு. இதன் புழு காயைக் குடைந்து, அடுக்கி வைத்த விதைகளில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் துளைத்துக்கொண்டே போகும்.

தண்டைச் சாய்ப்பது வேறொன்று: ஐரிஸ் துளைப்பான் என்னும் பெரிய அந்துப்பூச்சியின் புழு. காய்க்காக வருவதில்லை. ஆனால் இலை வழியாக இறங்கிக் கிழங்கைக் குடைந்து அழுகலைக் கொண்டுவரும், பூத்தண்டையும் கடிக்கும். தண்டு சாய்ந்தால் அதில் இருக்கும் காயும் சேர்ந்தே போய்விடும்.

பூக்கும் முன்பே செய்ய வேண்டியவை

இலையுதிர் காலக் கடைசியில், உறைபனி விழுந்து இலைகள் பழுத்தபின், எல்லாவற்றையும் தரையோடு ஒட்ட வெட்டி அப்புறப்படுத்துங்கள். ஐரிஸ் துளைப்பான் தன் முட்டைகளை அந்தப் பழைய இலைகளில்தான் வைத்துவிட்டுப் போகிறது. ஏப்ரல் வாக்கில் அவை பொரியும். கூன்வண்டு ஒளிந்துகொள்ளும் சருகும் இதோடு குறையும். உரக்குழியில் போட வேண்டாம். மூட்டை கட்டிக் குப்பையோடு அனுப்பிவிடுங்கள்.

வசந்தத்தில் இலை அரை அடி உயரம் வரும்போது ஓரங்களில் பல்வரிசை போலக் கடித்த தடமோ, நீர் ஊறியது போன்ற கோடோ தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்தக் கோட்டின் கீழ் நுனியில் புழு இருக்கும். இலையோடு சேர்த்து விரலால் நசுக்கினால் போதும்.

பைகளையும் இப்போதே தயார் செய்துவிட வேண்டும். பூ விரிந்தபிறகு கடைக்கு ஓடினால் நேரம் கிடைக்காது.

பைக்கு என்ன துணி?

ஆர்கன்சா புடவை தெரியுமே, அதே துணிதான். விசேஷங்களில் பரிசுப் பொருள் போட்டுத் தரும் சுருக்குப் பைகள் எங்கும் கிடைக்கின்றன. கட்டுவதற்குக் கயிறும் அதிலேயே இருக்கிறது. சைபீரிய ஐரிஸுக்கு 10 × 15 சென்டிமீட்டர் பை சரியாக இருக்கும். லூயிசியானா காய் பெரிதாகவும் கனமாகவும் வளரும் என்பதால் இன்னும் பெரிய பை வாங்குங்கள்.

கண்ணி எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. துணியில் ஒரு சிட்டிகை ரவையைப் போட்டு லேசாகத் தட்டிப் பாருங்கள். ரவை நின்றால் துணி நல்ல துணி. கடுகு நின்றால் போதாது. கடுகு நிற்கும் வலையில் கூன்வண்டு நுழையாது, சரி. ஆனால் அந்துப்பூச்சியின் புதிதாய்ப் பொரிந்த புழு தாராளமாக நுழைந்துவிடும். கல்யாண முக்காட்டுக்குப் பயன்படுத்தும் பெரிய கண்ணி வலைத்துணியும் கொசுவலையும் இதனால்தான் முழுப் பாதுகாப்பு தருவதில்லை.

பழைய நைலான் காலுறையை வெட்டி முடிச்சுப் போடும் வழக்கமும் உண்டு. செலவில்லாத வழிதான். ஆனால் அது இழுபட்டுக் காயோடு ஒட்டிக்கொள்கிறது. காயோடு துணி ஒட்டியிருந்தால் கூன்வண்டு வெளியே உட்கார்ந்தபடியே மூக்கை உள்ளே விட்டுத் துளைக்க வழி இருக்கிறது. அதனால் எந்தத் துணியானாலும் காயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி இருக்க வேண்டும். காகிதப் பை இரண்டு மழைக்குத் தாங்காது. பிளாஸ்டிக் பையை நினைக்கவே வேண்டாம். வெயிலில் காய் வெந்து அழுகிவிடும்.

மகரந்தம் வைக்கும் நாள்

இந்த நாளில்தான் எல்லாமே தீர்மானமாகிறது. கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன்.

ஐரிஸ் பூவில் கீழே தொங்கும் மூன்று இதழ், மேலே நிற்கும் மூன்று இதழ், நடுவில் இதழ் போலவே விரிந்த மூன்று சூல்தண்டுக் கிளைகள் இருக்கும். ஒவ்வொரு கிளைக்கும் அடியில் ஒரு மகரந்தத்தாள் ஒளிந்திருக்கும். கிளையின் நுனிக்குச் சற்றுக் கீழே சின்ன நாக்கு மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறது, அதுதான் சூல்முடி. சைபீரிய ஐரிஸில் அது முக்கோணமாக இருக்கும். சூலகம் பூவுக்குக் கீழே, காம்பு தடித்த இடத்தில் இருக்கிறது. கூன்வண்டின் மூக்கு தேடி வரும் இடமும் அதுதான்.

மறுநாள் விரியப்போகும் மொட்டாகத் தேர்ந்தெடுங்கள். தொங்கும் இதழ் மூன்றையும் மெதுவாகக் கிள்ளி எடுத்துவிடுங்கள். தேனீ வந்து இறங்கும் தளம் அதுதான்; தளம் போனால் தேனீ பெரும்பாலும் வராது, வேறு மகரந்தமும் கலக்காது. மகரந்தத்தாள் மூன்றையும் சாமணத்தால் எடுத்துவிட்டு உடனே பை போடுங்கள். மறுநாள் காலை பனி உலர்ந்தபின் பையைக் கழற்றி, தந்தைச் செடியின் மகரந்தத்தாளைச் சாமணத்தால் பிடித்து, அந்த நாக்கின் மேல் மாவு பூசுவது போலத் தடவுங்கள். மூன்று நாக்கிலும் தடவினால் விதை நிறைய கிடைக்கும்.

பையை மறுபடி மாட்டும் முன் ஒரு நிமிடம் நிதானியுங்கள். பெரும்பாலானவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். சூலகத்தைச் சுற்றிப் பாளை போன்ற இரண்டு மடல்கள் மூடியிருக்கும். அவற்றை விரல் நகத்தால் லேசாக விலக்கி உள்ளே பாருங்கள். மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, அசையாமல், கறுப்பாக ஏதாவது ஒட்டியிருந்தால் அது கூன்வண்டு. தொட்டால் காலைச் சுருட்டிக்கொண்டு செத்தது போலக் கீழே விழும். புல்லில் விழுந்தால் தேடிப் பிடிக்க முடியாது. அதனால் ஒரு கையில் சோப்புத் தண்ணீர் ஊற்றிய டம்ளரைப் பூவுக்குக் கீழே பிடித்துக்கொண்டுதான் மடலைத் தொட வேண்டும். இதைப் பார்க்காமல் பையைக் கட்டினால் திருடனை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகிவிடும். என் முதல் வருடத்துக்கு அடுத்த வருடம் நான் செய்த தவறு அதுவேதான்: பை கட்டியிருந்தேன், ஆனால் பூ விரிந்து நான்கு நாள் கழித்து.

பையின் வாயைக் காம்போடு சேர்த்துக் கட்டும்போது சுற்றிலும் சின்ன இடைவெளி விழும். ஒரு துண்டுப் பஞ்சைக் காம்பில் சுற்றி அதன்மேல் கயிற்றை இறுக்குங்கள். காம்பும் நசுங்காது, புழுவுக்கு வழியும் இருக்காது. அப்புறம் சீட்டு. தாய்ச்செடியின் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தந்தைச்செடி, தேதி. பென்சிலால் எழுதுங்கள், பேனா மை மழையில் கரையும். சீட்டைப் பையில் கட்டாமல் தண்டில் கட்டுங்கள், ஏனென்றால் பை கழன்று வரும்.

முக்கியமான கலப்பாக இருந்தால் அதையே இரண்டு தனித்தனித் தண்டுகளில் செய்து வையுங்கள். ஒன்று சாய்ந்தாலும் இன்னொன்று நிற்கும்.

முதல் மூன்று வாரம்

நான்கைந்து நாளில் பூவின் மிச்சம் வாடிச் சுருளும். ஈரப் பையில் அது கிடந்தால் பூஞ்சணம் பிடித்துச் சூலகத்துக்கும் இறங்கும். காற்றாட உலர்ந்த மதிய நேரத்தில் பையைத் திறந்து, வாடியதைத் திருகி எடுத்துவிட்டு, மடல்களை மறுபடி ஒரு தரம் பார்த்துவிட்டு மூடுங்கள். ஒரு வாரம் பத்து நாளில் சூலகம் பருத்துவந்தால் காய் பிடித்துவிட்டது. மஞ்சளித்துச் சுருங்கினால் இல்லை. அந்தப் பையைக் கழற்றி அடுத்த பூவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதே நாட்களில் பை கட்டாத மற்றப் பூக்களையும் கவனிக்க வேண்டும். தேனீ தானாகவே சேர்க்கை செய்து வைக்கும் காய்கள் நிறைய இருக்கும். அவைதான் வண்டு பெருகும் தொட்டில். உங்களுக்கு அந்த விதை வேண்டாமென்றால் பூ வாடியதுமே சூலகத்தோடு ஒடித்து எடுத்துவிடுங்கள்.

நான் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். நிலக்கடலை வரப்பில் ஆமணக்கை நட்டுப் புழுவை அங்கே இழுப்பார்களே, அதே யோசனை. தோட்டத்து ஓரத்தில் நாட்டு நீல ஐரிஸ் ஒரு புதர் இருக்கிறது. அதன் காய்களை ஜூலை வரை விட்டுவைப்பேன். கூன்வண்டு அங்கே விரும்பிப் போகிறது. காய் பச்சையாக இருக்கும்போதே, வண்டு வெளியேறும் முன், ஒன்று விடாமல் அறுத்துக் கொதிநீரில் போட்டுவிடுவேன். ஒரே ஒரு எச்சரிக்கை: அறுக்க மறந்தால் நாமே வண்டு வளர்த்த கதையாகிவிடும். மறதிக்காரர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

பூக்கும் காலம் முழுக்கக் காலையில் பத்து நிமிடம் சோப்புத் தண்ணீர் டம்ளரோடு ஒரு சுற்று வாருங்கள். வெயில் ஏறுமுன் வண்டு மந்தமாக இருக்கும். சிறிய தோட்டத்தில் இந்த ஒரு வேலையே பெரிய வித்தியாசம் காட்டும்.

மருந்து அடிக்கலாமா?

கேட்காதவர்கள் இல்லை. என் பதில்: பூவிருக்கும் செடிக்கு அடிக்காதீர்கள்.

செடிக்குள் ஊடுருவிப் பரவும் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்துகள் காய்க்குள் இருக்கும் புழுவையும் எட்டும் என்பதால் ஆசை வரும். ஆனால் அவை தேனிலும் மகரந்தத்திலும் சேர்ந்து தேனீக்களைக் கொல்லும். ஸ்பினோசாட் என்னும் மருந்து ஈரமாக இருக்கும்வரை தேனீக்கு ஆபத்து. பி.டி. எனப்படும் பாக்டீரியா மருந்து புழு தின்றால்தான் வேலை செய்யும். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை அது எட்டாது. தவிர, தோட்டக்கடைகளில் விற்கும் வழக்கமான பி.டி. அந்துப்பூச்சிப் புழுவுக்கானது, கூன்வண்டை ஒன்றும் செய்யாது. வேப்பெண்ணெய்க் கரைசல் பூச்சியின் பசியைக் கெடுக்கும், உண்மைதான். ஆனால் மழைக்கு மழை மறுபடி அடிக்க வேண்டும்.

பூவெல்லாம் முடிந்தபின், பையில்லாத காய்களுக்கு மாலையில் பி.டி. தெளிப்பது மட்டும் நான் ஒப்புக்கொள்ளும் வழி. அதுவும் புழு வெளியே திரியும் சில நாட்களுக்குத்தான் பயன். பத்து இருபது கலப்பு செய்பவருக்குத் துணிப் பையைவிட நம்பகமான மருந்து கிடையாது.

கோடையில் வாராந்திரச் சோதனை

காய் பிடித்தபிறகு வாரம் ஒரு முறை பையின் மேலாகவே விரலால் காயைத் தடவிப் பாருங்கள். ஐரிஸ் காய்க்குள் மூன்று அறைகள். மூன்று பக்கமும் ஒரே மாதிரி உறுதியாக, பருமனாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினாலோ முன்னதாகவே பழுத்தாலோ பையைத் திறந்து பாருங்கள்.

கூன்வண்டு குத்திய இடம் ஆறிய பருவின் வடு போலக் கரடுமுரடான பழுப்புப் புள்ளியாக இருக்கும். ஓட்டை தெரியாது. மொட்டுத்துளைப்பான் நுழைந்த காயில் குண்டூசி முனையளவு ஓட்டையும், அதன் வாயில் ஈரமான மரத்தூள் போலப் புழு எச்சமும் இருக்கும்.

எச்சம் பார்த்தீர்களென்றால் அன்றே கை வைக்க வேண்டும். மெல்லிய கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து ஓட்டைக்குள் விட்டு மெதுவாகத் திருகி இழுங்கள். புழு சிக்கினால் மிச்ச இரண்டு அறையாவது பிழைக்கும். சிக்கவில்லை, எச்சம் மறுநாளும் புதிதாக வருகிறது என்றால் அந்த அறையை மட்டும் கூர்மையான கத்தியால் நீளவாக்கில் கீறித் திறந்து புழுவை எடுத்துவிடுங்கள். அந்த அறை போகும். மற்ற அறைகளின் சுவரில் கத்தி படாமல் இருந்தால் அவை தொடர்ந்து முற்ற வாய்ப்புண்டு. காய் அழுகத் தொடங்கியிருந்தால் பொறுத்திருக்க வேண்டாம். அறுத்து, கெட்டியாகிவிட்ட விதைகளைப் பொறுக்கி எடுத்து உடனே விதைத்துவிடுங்கள். எல்லாம் முளைக்காது, சில முளைக்கும்.

மழைநாளில் நனைந்த பை கனமாகித் தண்டைச் சாய்க்கும். ஒவ்வொரு தண்டுக்கும் ஒரு மூங்கில் குச்சி ஊன்றி இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டுங்கள்.

அறுவடை

தாடி ஐரிஸ் காய் ஏறத்தாழ எட்டு வாரத்தில் முற்றும். சைபீரிய வகையும் லூயிசியானா வகையும் மூன்று மாதம் வரை எடுத்துக்கொள்ளும். பச்சை போய்ப் பழுப்பேறி, நுனி மெல்லப் பிளக்கத் தொடங்கும்போது பையோடும் சீட்டோடும் சேர்த்துத் தண்டை நறுக்குங்கள். பை இருப்பதால் வெடித்தாலும் விதை சிந்தாது. இது பை தரும் இரண்டாவது லாபம்.

வீட்டுக்குள் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துத் திறங்கள். ஒரு நேரத்தில் ஒரு காய் மட்டும், இல்லாவிட்டால் விதை கலந்து உங்கள் கலப்புக் கணக்கு முழுதும் குழம்பிப் போகும். சைபீரிய விதை தட்டையாக, அரைவட்டமாக, கரும்பழுப்பாக இருக்கும். ஒவ்வொன்றையும் இரு விரலுக்கிடையில் அழுத்திப் பாருங்கள். நல்ல விதை கல் மாதிரி நிற்கும். பூச்சி தின்றது பொரி மாதிரி நொறுங்கும். ஓட்டை உள்ளதையும், தூளையும், வெளியே ஓடிவரும் வண்டையும் அப்படியே சோப்புத் தண்ணீரில் தள்ளுங்கள். குழந்தைகளுக்கும் நாய் பூனைக்கும் எட்டாமல் இந்த வேலையைச் செய்யுங்கள். ஐரிஸ் செடியின் பாகங்கள் தின்றால் வயிற்றைக் கெடுக்கும்.

நல்ல விதையை நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் காகித உறையில் போடுங்கள். அந்த உறைகளை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வைத்து இரண்டு வாரம் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தப்பித்த புழு ஏதாவது இருந்தால் பாட்டிலுக்குள்ளேயே தெரிந்துவிடும். குளிர் மண்டலத்தில் இருப்பவர்கள் இலையுதிர் காலத்திலேயே தொட்டியில் விதைத்து வெளியே விட்டுவிடலாம். முளைக்காமல் உறங்கும் விதையின் உறக்கத்தைக் குளிர்காலம் தானே கலைக்கும். மற்றவர்கள் ஈரமான மணலில் கலந்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று மாதம் வைத்துவிட்டு விதைக்க வேண்டும்.

மெய்ன் மாநிலத்து மருத்துவர் கரியர் மெக்யூவன், ஐம்பது வயதைத் தாண்டியபிறகு ஐரிஸ் வளர்ப்பில் இறங்கி, சைபீரிய ஐரிஸில் நான்மடிய வகைகளை (வழக்கமான இரண்டுக்குப் பதில் நான்கு தொகுதி குரோமோசோம் உள்ளவை) உருவாக்கிக் காட்டியவர். நூறு வயதைக் கடந்து வாழ்ந்தார். வெள்ளையும் வெண்ணெய் மஞ்சளுமாகப் பூக்கும் 'பட்டர் அண்ட் ஷுகர்' அவருடைய செடிதான். என் தோட்டத்தில் தாய்ச்செடியாக நிற்பதும் அதுவே. போன கோடையில் அதில் ஆறு பை கட்டினேன். ஐந்து காய் முழுசாக வந்தது. ஆறாவதன் ஓர் அறையில் மட்டும் புழு இருந்தது. பையின் வாயில் பஞ்சு வைக்க மறந்த காய் அது.